பின் அச்சு கத்தினால் காது கொடுங்கள்



லாச்சப்பலில் காலை வேளையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். றுன்ஜிஸ் சந்தையிலிருந்து மரக்கறியும் மீனும் ஏற்றிக்கொண்டு சிறிய வான்கள் வந்து கடை வாசல்களில் நிற்கும். அரிசிப் பைகள் இறங்க இறங்க வானின் பின்பக்கம் மெல்ல மேலெழும். சில வான்களின் பின்பக்கம் பாரம் முழுவதும் இறங்கிய பிறகும் எழும்புவதில்லை. பின் சில்லுகள் இரண்டும் மேற்பக்கத்தில் உள்நோக்கிச் சரிந்து, முழங்கால் முட்ட நடப்பவரைப் போல நிற்கும். நகரும்போது "கிறீச்" என்று ஒரு சத்தமும் வரும். பழைய வான் என்றால் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் பலர் தொடர்ந்து ஓடுகிறார்கள்.

அந்தச் சத்தம் பின் அச்சு தேய்ந்துகொண்டிருப்பதன் அறிகுறி. நேரத்துக்குக் கவனித்தால் சிறிய செலவோடு முடியும். விட்டால் அச்சு முழுவதையும் மாற்ற வேண்டிவரும். அதையும் விட்டால் பிறேக் பிடிக்கும் நேரத்தில் வான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். பின் அச்சையும் பின் பிறேக்கையும் வீட்டிலேயே மாற்றலாமா, எதை நாமே செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதை இம்முறை விளக்கமாகப் பார்ப்போம்.

எந்த வாகனங்களுக்கு இந்த வருத்தம்?

பெஜோ பாட்னர், சித்றோயன் பேர்லாங்கோ ஆகிய இரண்டின் முதலாம் தலைமுறை வாகனங்கள் 1996 இல் விற்பனைக்கு வந்தன. இவற்றுக்கும் பெஜோ 106, 205, 206, 306, சித்றோயன் சாக்சோ, சாரா போன்ற கார்களுக்கும் பின் அச்சு ஒரே குடும்ப அமைப்பு. எம்மவர் பலர் இந்நாட்டில் வாங்கிய முதல் வாகனம் இந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றாக இருக்கும். மலிவாகக் கிடைத்தன, இடவசதி இருந்தது, உதிரிப்பாகம் எங்கும் கிடைத்தது. 2008 இல் வந்த இரண்டாம் தலைமுறை பாட்னர், பேர்லாங்கோவுக்கு அமைப்பு மாறிவிட்டது. அவற்றுக்கு இந்த வருத்தம் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது?

வாகனத்தின் குறுக்கே தடித்த இரும்புக் குழாய் ஒன்று போகிறது. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு கை பின்நோக்கி நீண்டிருக்கிறது. அந்தக் கையின் நுனியில்தான் சில்லு. பள்ளத்தில் சில்லு விழுந்து எழும்போது கை மேலும் கீழும் ஆடும். கையோடு சேர்ந்த உருண்டைத் தண்டு குழாய்க்குள்ளே போய், ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பெயாரிங்குகளில் திரும்பும். சுருள் வில் இங்கே இல்லை. குழாயை ஒட்டிக் குறுக்கே கிடக்கும் நீண்ட உருக்குக் கம்பிகள் முறுக்கேறுவதன் மூலம் பாரத்தைத் தாங்குகின்றன.

கைக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. காலப்போக்கில் அது வெடிக்கும். மழைத் தண்ணீரும், குளிர்காலத்தில் வீதியில் போடும் உப்பும் அதன் வழியே உள்ளே போகும். கிறீஸ் கழுவுப்பட்டு ஊசி உருளைகள் கறள் பிடிக்கும். கறள் பிடித்த உருளை திரும்பாமல் தண்டைச் சுரண்டத் தொடங்கும். தண்டு தேய்ந்தால் கை ஆடும். கை ஆடினால் சில்லு சரியும். கடைசியில் பெயாரிங் இருக்கும் குழாயின் உட்சுவரும் தின்னப்பட்டு ஓட்டை பெரிதாகிவிடும்.

அறிகுறிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

1. வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, பத்தடி பின்னால் போய்க் குந்தியிருந்து பாருங்கள். பின் சில்லுகளின் மேல்விளிம்பு உள்ளே சரிந்திருக்கிறதா? இடது வலது வித்தியாசம் தெரிகிறதா?

2. பின் ரயரின் உள்விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் நல்ல தவாளிப்பாக இருக்க, உள்பக்கம் மட்டும் வழுக்கையாகிவிட்டால் ஐயப்பட வேண்டியதுதான்.

3. பின்பக்கத்தை இரண்டு மூன்று முறை அமத்திவிட்டுக் காது கொடுங்கள். கறள் பிடித்த கதவுப் பிணைச்சல் போலக் கிறீச்சிடும்.

4. பின்பக்கத்தை உயர்த்தித் தாங்கியில் வைத்தபின் சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கையும் குழாயும் சேரும் இடத்தில் இடைவெளி திறந்து மூடினால் அச்சுப் பெயாரிங் போய்விட்டது. அந்த இடம் அசையாமல் சில்லு மட்டும் ஆடினால் அது சில்லுப் பெயாரிங். ஓடும் வேகத்தோடு கூடுகின்ற "ஊ" என்ற இரைச்சலும் சில்லுப் பெயாரிங்கின் குணம். இரண்டையும் குழப்பிக்கொண்டு வீணாகச் செலவழிக்க வேண்டாம்.

மூன்று நிலைகள்

முதல் நிலையில் சத்தம் மட்டும் இருக்கும். சில்லு இன்னும் சரிந்திருக்காது. தண்டு வழவழப்பாக இருந்தால் பெயாரிங்கையும் ரப்பர் வளையத்தையும் மாற்றினால் போதும். இரண்டாம் நிலையில் தண்டில் தவாளிப்பு விழுந்திருக்கும். தண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மூன்றாம் நிலையில் குழாயே கெட்டுவிட்டது. அச்சு முழுவதையும் மாற்றுவதே வழி.

பெயாரிங் மாற்றுவது சிறிய வேலை போலவும் அச்சு முழுவதையும் மாற்றுவது பெரிய வேலை போலவும் தோன்றும். வீட்டில் செய்பவருக்கு உண்மை நேர்மாறானது. பெயாரிங் மாற்றுவதற்கு முறுக்குக் கம்பிகளைக் கழற்ற வேண்டும். அவை பல்லுப் பல்லாகப் பொருந்தியவை. பல ஆண்டுக் கறளில் இறுகியிருக்கும். விசேட இழுகருவி இல்லாமல் வெளியே வராது. திரும்பப் போடும்போது ஒரு பல் தவறினாலும் வாகனத்தின் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் தாழும். இது பட்டறை வேலை.

அச்சு முழுவதையும் மாற்றுவதோ, அடிப்படையில், பாரமான பொருள் ஒன்றைப் போல்ட் கழற்றி இறக்கி, இன்னொன்றை ஏற்றிப் பூட்டும் வேலை. பிரான்சில் இந்த அச்சுகளைப் புதுப்பித்துக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட பட்டறைகள் இருக்கின்றன. புதுப்பித்த அச்சை வாங்கும்போது ஒரு தொகையைப் பிணையாகக் கட்டுவீர்கள். உங்கள் பழைய அச்சைத் திருப்பிக் கொடுத்ததும் அது திரும்பி வரும். பழைய வாகனங்களை உடைக்கும் இடத்தில் மலிவாக ஓர் அச்சு கிடைத்தாலும் யோசித்து வாங்குங்கள். அதே வயதுள்ள வாகனத்தில் அதே பெயாரிங் அதே மழையில் நனைந்திருக்கும்.

அச்சை வாங்கும்போது வாகனப் பதிவுப் பத்திரமான கார்த் கிறீசில் E என்ற இடத்திலுள்ள 17 எழுத்து இலக்கத்தைக் கொடுங்கள். ஒரே பெயருள்ள வாகனத்தில்கூட ஏபிஎஸ் உள்ளது, இல்லாதது, ட்ரம் பிறேக், டிஸ்க் பிறேக், பாரவான், குடும்பவான் என்று வேறுபாடுகள் உண்டு.

இடமும் கருவியும்

பாரிசில் எமக்குப் பெரிய பிரச்சினை இடம். வீதியோரத்திலும் பொதுத் தரிப்பிடத்திலும் இந்த வேலையைத் தொடங்கக்கூடாது. அடுக்குமாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலும் கட்டட விதிகள் பெரும்பாலும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. சார்சல், லா கூர்நெவ், பொபினி பக்கம் முற்றத்தோடு வீடு உள்ளவர்கள் சீமெந்துத் தரையில் செய்யலாம். மண்ணிலும் புல்லிலும் தாங்கி புதைந்து சரியும். இடம் இல்லாதவர்களுக்கு "செல்ஃப் கராஜ்" என்ற வாடகைப் பட்டறைகள் உண்டு. வாகனம் தூக்கும் மேடையையும் கருவிகளையும் மணிக்கணக்கில் வாடகைக்குத் தருவார்கள். இந்த வேலைக்கு அதுவே ஆகச் சிறந்த இடம்.

கட்டாயம் வேண்டியவை நான்கு. சமமான கடின தரை, பாரம் தாங்கும் இரும்புத் தாங்கிகள், போல்ட் இறுக்கத்தை அளக்கும் முறுக்குச் சாவி, உதவிக்கு இன்னொருவர். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் வேலையைத் தொடங்காதீர்கள். ஜாக் என்பது தூக்குவதற்கு மட்டுமே. ஜாக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே தலையை வைக்கவே வேண்டாம். செங்கல்லும் மரக்குற்றியும் தாங்கியாகா.

உங்கள் வாகனத்துக்குரிய தொழில்நுட்பக் கைநூலையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். "றெவ்யூ தெக்னிக் ஓட்டோமொபில்" என்ற பிரெஞ்சு வரிசை நூல்களில் ஒவ்வொரு போல்டின் இறுக்க அளவும் இருக்கும். யாராவது வாயால் சொன்ன அளவில் இறுக்க வேண்டாம்.

அச்சை மாற்றும் ஒழுங்கு

வேலைக்கு மூன்று நான்கு நாள் முன்பே எல்லா போல்டுக்கும் பிறேக் குழாய் மூட்டுக்கும் கறள் இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். இறுகிய போல்டை இளக்க நெருப்புச் சுவாலை பிடிக்கக்கூடாது. எரிபொருள் தாங்கியும் ரப்பர்க் குழாய்களும் பக்கத்திலேயே இருக்கின்றன.

அன்றைய நாளில் முன் சில்லுகளுக்கு இரு பக்கமும் கட்டை கொடுங்கள். கைப்பிறேக் பின் சில்லைத்தான் பிடிக்கிறது. பின் அச்சைக் கழற்றும்போது அதனால் பயன் இல்லை. சில்லு நட்டுகளை வாகனம் தரையில் இருக்கும்போதே சற்று இளக்கிவிட்டுப் பிறகு உயர்த்துங்கள். தாங்கிகளை வாகன உடலின் பலமான இடங்களுக்குக் கீழே வையுங்கள். அச்சுக்குக் கீழே வைத்தால் அச்சை எப்படி இறக்குவது?

பிறகு இந்த ஒழுங்கில் போங்கள். மேலதிகச் சில்லையும் அது இருக்கும் கூடையையும் கழற்றுங்கள். புகைக்குழாயின் பின்பகுதியை இறக்குங்கள். கைப்பிறேக் கேபிள்களைத் தளர்த்தி விடுவியுங்கள். ஏபிஎஸ் உள்ள வாகனமாயின் அதன் வயர்களை மெதுவாகப் பிரியுங்கள். பாரத்துக்கேற்பப் பிறேக் அழுத்தத்தை மாற்றும் கருவி அச்சோடு இணைந்திருந்தால் அதன் இணைப்பையும் பிரியுங்கள். பிறேக் மிதியைச் சிறிது அமத்தியபடி ஒரு தடியால் முட்டுக் கொடுத்துவிட்டு பிறேக் குழாயைக் கழற்றினால் திரவம் குறைவாகவே ஒழுகும். திறந்த முனைகளுக்கு உடனே மூடி போடுங்கள்.

இப்போது அச்சுக்குக் கீழே ஜாக் கொடுத்துப் பாரத்தை ஏந்திக்கொண்டு, உடலோடு பிணைக்கும் போல்டுகளைக் கழற்றுங்கள். அதிர்வுதாங்கிகள் அச்சோடேயே பூட்டப்பட்டிருப்பதால் எல்லாம் ஒன்றாக இறங்கும். பாரம் அதிகம். இரண்டு பேர், இரண்டு பக்கம், மெதுவாக. புதிய அச்சை ஏற்றும்போது எல்லாப் போல்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றிவிட்டு, கடைசியில் முறுக்குச் சாவியால் நூலிலுள்ள அளவுக்கு இறுக்குங்கள். தானாகப் பூட்டும் நட்டுகளைத் திரும்பப் பாவிக்காமல் புதியவற்றைப் போடுங்கள்.

பிறேக்: அச்சு கழன்றிருக்கும்போதே செய்யுங்கள்

ட்ரம்மின் உள்ளே இரண்டு பிறைவடிவப் பட்டைகளும் அவற்றைத் தள்ளும் ஒரு சிறிய சிலிண்டரும் இருக்கின்றன. சிலிண்டரிலிருந்து திரவம் கசிந்து பட்டையை நனைத்திருந்தால் அதைக் கழுவித் திரும்பப் போட வேண்டாம், மாற்றுங்கள். ஒரு பக்கம் மாற்றினால் மறுபக்கமும் கட்டாயம். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் நனைந்த வீதியில் பிறேக் பிடிக்கும்போது பின்பக்கம் சுழலும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைப் பூட்டி முடிக்கும் வரை மற்றது உங்களுக்கு மாதிரி. எந்த வில் எந்த ஓட்டையில் போகிறது என்பதைக் கழற்றும் முன் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பட்டை, சிலிண்டர், வில் எல்லாம் ஏற்கனவே பூட்டிய தொகுதியாகவும் கடையில் கிடைக்கிறது. முதன்முறை செய்பவர் அதை வாங்குவது நல்லது. ட்ரம்மிலேயே அதன் ஆகக்கூடிய விட்டம் பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டித் தேய்ந்த ட்ரம்மை விலக்குங்கள்.

ட்ரம்முக்குள் இருக்கும் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதக்கூடாது. பிரான்சில் அஸ்பெஸ்டஸ் 1997 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. அதற்கு முந்திய பட்டைகளில் அது இருந்திருக்கலாம். இன்றைய பட்டையின் தூசியும் நெஞ்சுக்கு நல்லதல்ல. பிறேக் கழுவும் திரவத்தால் நனைத்துத் துடையுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

குழாய் திறந்த பிறகு உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதியை அமத்திப் பிடிக்க, மற்றவர் சில்லடியில் உள்ள சிறு திருகாணியைத் திறந்து மூட வேண்டும். அது மூடிய பிறகே மிதியை விடலாம். குமிழி வராமல் தெளிந்த திரவம் வரும் வரை தொடருங்கள். முன்னாலுள்ள திரவக் கிண்ணம் ஒருபோதும் வற்றக்கூடாது. எவ்வளவு செய்தும் மிதி பஞ்சு போல அமிழ்ந்தால் நிறுத்திவிட்டு கராஜுக்கு அறிவியுங்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்றுப் போயிருந்தால் அதை வெளியேற்றக் கணினிக் கருவி தேவைப்படலாம். அந்த வாகனத்தைப் பாரவண்டியில்தான் ஏற்றிச் செல்ல வேண்டும்.

பிறேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டொட் 4 திரவம் குறைந்தது 230 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 155 பாகை வரை இறங்கலாம். கொதித்தால் ஆவி உண்டாகும், மிதி வெறுமையாகப் போகும். ஆகவேதான் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். திறந்து பல மாதம் கிடந்த போத்தலைப் பாவிக்க வேண்டாம். பழைய திரவத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் நகரசபையின் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

மிதியைப் பலமுறை அமத்திப் பட்டைகள் தம் இடத்தில் வந்து அமர்ந்த பிறகே கைப்பிறேக்கைச் சரிசெய்யுங்கள். முதல் ஓட்டம் முற்றத்துக்குள், நடை வேகத்தில். புதிய பட்டைகள் படியும் வரை முதல் சில நூறு கிலோமீற்றர் கடும் பிறேக் பிடிக்காமல் ஓடுங்கள். சில்லு நட்டுகளை 50 கிலோமீற்றர் ஓடியதும் மீண்டும் பாருங்கள்.

கொன்றோல் ரெக்னிக்

எமது கண்ணுக்குச் சரி என்று தெரிந்தால் மட்டும் போதாது. வாகனம் நான்கு வயதை எட்டும் முன் முதலாவது பரிசோதனை, பின்னர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்பது விதி. 2018 மே 20 முதல் குறைபாடுகளைச் சிறியது, பெரியது, அபாயமானது என மூன்றாகப் பிரிக்கிறார்கள். பெரிய குறைபாடென்றால் இரண்டு மாதத்துக்குள் திருத்தி மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். அபாயமானது என்றால் அன்று நள்ளிரவு வரைதான் ஓடலாம்.

உருளைகளில் ஏற்றிப் பார்க்கும்போது ஒரே அச்சின் இரு சில்லுகளுக்கும் இடையில் பிறேக் பலம் 30 வீதத்துக்கு மேல் வேறுபட்டால் அது பெரிய குறைபாடு. கைப்பிறேக்குக்கு 16 வீதம் குறைந்தபட்சம். வீட்டில் பிறேக் வேலை செய்தவர்கள் தவணை வரும் வரை காத்திராமல், பரிசோதனை நிலையத்தில் விரும்பிச் செய்விக்கும் சோதனையைக் கேட்டு, அந்த உருளைகளில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே அளவில் பிடிக்கின்றன என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

தெரிந்த பொடியனும் கராஜும்

உங்கள் வாகனத்தை நீங்களே திருத்தத் தடை இல்லை. ஆனால் மற்றவரின் வாகனத்தைத் தொழிலாகத் திருத்துவதற்குச் சட்டப்படி தகைமை பெற்ற ஒருவர் செய்ய வேண்டும், அல்லது அப்படிப்பட்டவரின் மேற்பார்வை வேண்டும். "எங்கட பொடியன் ஒருவன் மலிவாகச் செய்வான்" என்று கையில் காசு கொடுத்தால் துண்டு ஒன்றும் மிஞ்சாது. முறையான கராஜ் தான் செய்த திருத்தத்தின் பலனுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பது பிரெஞ்சு நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அந்த உரிமையைக் கோர எழுத்திலான மதிப்பீடும் பற்றுச்சீட்டும் வேண்டும். மொழி தெரியாது என்று கூச்சப்பட்டு வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன் "துவி" கேளுங்கள். முடிந்ததும் "ஃபக்தூர்" வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

செலவழிக்கும் முன் இன்னொன்றையும் பாருங்கள். பாரிஸ் பெரும்பாகத்தின் மாசு கட்டுப்பாட்டு வலயத்தில் 2025 ஜனவரி 1 முதல் கிறிட்எயர் 3 வாகனங்களும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. அதன்பின் இந்த வலயங்களையே நீக்குவது பற்றி நாடாளுமன்றத்தில் வாதம் நடந்தது. உங்கள் வானின் ஒட்டி எந்த இலக்கம், அன்றைய விதி என்ன என்று விசாரித்துவிட்டு அச்சு வாங்குங்கள்.

பாரம்

புதிய அச்சையும் கெடுக்கக்கூடியது அளவுக்கு மீறிய பாரம். கார்த் கிறீசில் F.2 என்ற இடத்தில் உள்ள எடையிலிருந்து G.1 எடையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ஏற்றக்கூடிய முழுப் பாரம். ஓட்டுபவரின் எடையும் அதற்குள் அடக்கம். 20 கிலோ அரிசிப் பை 30 ஏற்றினாலே 600 கிலோ. அதற்கு மேல் எண்ணெய்ப் பெட்டியும் இரண்டு ஆட்களும் என்றால் கணக்குப் பாருங்கள். இரண்டு தடவை போய்வரும் டீசல் செலவு ஓர் அச்சின் விலையைவிட மிகக் குறைவு.

கடையில் கேட்கச் சில சொற்கள்

பின் அச்சு: த்ரான் அரியேர். ஊசிப் பெயாரிங்: ருல்மோன் ஆ எகுய். பிறேக் பட்டை: மாஷுவார் து ஃப்ரான். ட்ரம்: தாம்பூர். சில்லடிச் சிலிண்டர்: சிலாந்ர் து றூ. பிறேக் திரவம்: லிக்கீட் து ஃப்ரான். தாங்கி: ஷாந்தெல். முறுக்குச் சாவி: க்ளே தினமோமெத்ரிக். புதுப்பித்த மாற்றுப் பாகம்: எஷான்ஜ் ஸ்தோந்தார். பிணைத் தொகை: கொன்சீஞ்.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர் போகிறது. கடைத்தெருவில் அந்த 14 மீற்றருக்குள் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையும் கடக்கலாம், சாமான் பையோடு ஒரு முதியவரும் கடக்கலாம். பிறேக் வேலையைக் கையில் எடுப்பவர் தன் குடும்பத்துக்காக மட்டும் அதைச் செய்யவில்லை. இந்த வார இறுதியில் வானின் பின்னால் ஒருமுறை குந்தியிருந்து பாருங்கள். சில்லு நேராக நின்றால் மகிழ்ச்சி. சரிந்திருந்தால் மேலே சொன்ன வழிகளில் உங்களுக்கு ஏற்றதைத் தெரிவு செய்யுங்கள்.